ஒடுங்குதலும் ஒடுங்காமையும்: கேரளக் கணித நூல்களில் முடிவின்மை முரண்

கொச்சி நகரின் மட்டாஞ்சேரிப் பகுதியில், 1568ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற பரதேசி யூதர் தொழுகைக்கூடத்தை ஒட்டி ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. வணிகர் எசக்கியேல் ரஹபி 1760இல் அதனைக் கட்டுவித்தார். அதன் கடிகார முகங்கள் ஒரே எண்வடிவில் அமைந்தவை அல்ல. ஒன்றில் உரோமானிய எண்கள் உள்ளன. மற்றொன்றில் எபிரேய எழுத்துகளே எண்களாக நின்று நேரம் காட்டுகின்றன. எபிரேய முகத்தில் மணி ஒன்றுக்கு உரிய குறி, அம்மொழியின் முதலெழுத்தாகிய ஆலெஃப். இதே எழுத்தைத்தான் ஜெர்மானியக் கணித அறிஞர் கேண்டர் 1895இல் முடிவிலாத் தொகுதிகளின் அளவைச் சுட்டும் குறியீடாக வழங்கினார். ஓர் எழுத்து ஓரிடத்தில் ஒன்று என்றும், வேறோரிடத்தில் எண்ணித் தீராதது என்றும் பொருள்படுவது குறியீட்டின் இயல்பே. ஆயினும், எண்ணையும் எழுத்தையும் ஒருங்கே ஆராய்வோர்க்கு இவ்வெழுத்து மட்டாஞ்சேரியில் வேறொரு வாயிலைத் திறந்துவிடுகிறது.

மணிக்கூண்டுக்கு மிக அருகில் கொச்சி மன்னர்களின் அரண்மனை உள்ளது. போர்த்துகீசியர் 1555 அளவில் கட்டி மன்னர் வீரகேரளவர்மாவுக்கு அளித்தது. 1663இல் டச்சுக்காரர் செப்பனிட்டமையால் இன்று 'டச்சு அரண்மனை' எனப்படுகிறது. இவ்வரச குலத்தைச் சேர்ந்த இராமவர்ம மருதம்புரான், அகிலேசுவர ஐயருடன் இணைந்து, 1948இல் திருச்சூர் மங்களோதயம் அச்சகத்தின் வழியாக 'யுக்திபாஷா' என்னும் நூலின் கணிதப் பகுதியை விளக்கக் குறிப்புகளோடு பதிப்பித்தார். ஏறத்தாழ 1530இல் ஜ்யேஷ்டதேவர் மலையாள உரைநடையில் எழுதிய நூல் அது. அரண்மனை எழும்பிய அதே நூற்றாண்டில், அதற்கு வடக்கே பாரதப்புழைக் கரையில் வாழ்ந்த கணக்கர்கள், மேலை உலகம் பின்னர் நெடுங்காலம் இடர்ப்பட்ட ஒரு முரணைத் தம் மொழியில் எதிர்கொண்டனர். முடிவே இல்லாமல் நீளும் ஒரு கூட்டல், வரையறுத்த ஓர் அளவைத் தருவது எங்ஙனம் என்பதே அம்முரண். அதனை அவர்கள் எவ்வாறு சொற்படுத்தினர், தமிழில் அதனைப் பெயர்க்கும்போது என்ன நேர்கிறது என்பன இங்கு ஆராயப்படுகின்றன.

எழுத்தில் மறைந்த எண்

எபிரேயத்தைப் போலவே கேரளக் கணிதமும் எழுத்தை எண்ணாக ஆண்டது. கடபயாதி முறையில் மெய்யெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் உண்டு. சொல்லை வலமிருந்து இடமாகப் படித்தால் எண் கிடைக்கும். நீலகண்ட சோமயாஜி (1444-1544) இயற்றிய 'தந்திரசங்கிரகம்' திருமாலை விளிக்கும் வாழ்த்தொடு தொடங்குகிறது. அவ்வாழ்த்தின் எழுத்துகளையே எண்ணாகப் படித்தால் 1680548 என்னும் கலிநாள் வரும். அது 1500ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களைக் குறிக்கிறது. வாழ்த்தைப் பொருள் பிழையாமல் மொழிபெயர்த்தால் நாள் தொலைந்துபோகும். நாளைக் காத்தால் வாழ்த்துச் சிதையும்.

பொருள்வழி எண்ணாகும் பூதசங்கியை முறை இன்னும் நுட்பமானது. வட்டத்தின் விட்டம் 900000000000 ஆயின் சுற்றளவு 2827433388233 எனச் சங்கமகிராமத்து மாதவர் (ஏறத்தாழ 1340-1425) கூறியதாகப் பிற்கால உரைகள் காட்டுகின்றன. பதினோர் பதின்மத் தானம் வரை பிழையற்ற மதிப்பு அது. அச்செய்யுளில் சுற்றளவின் இலக்கங்கள் பெரும்பாலும் வெளிப்பட இல்லை. தேவர், கண், யானை, பாம்பு, தீ, வேதம், விண்மீன் முதலான சொற்களே நிரல்பட நிற்கின்றன. மரபறியாதவர் பெயர்த்தால் ஒரு விலங்குப் பட்டியலே எஞ்சும்.

இம்முறையில் சுழியைக் குறிக்க வழங்கும் சொற்களுள் ஆகாயம், பூர்ணம், அனந்தம் என்பனவும் உள. நிறைவு எனப் பொருள்படும் சொல்லும், முடிவின்மை எனப் பொருள்படும் சொல்லும் ஒன்றுமின்மையின் பெயர்களாக நிற்கின்றன! வான்வெளி எல்லையற்றது, ஆனால் வெறுமையானது என்னும் உவமை வழியே இப்பொருள் கிளைத்திருக்கலாம். எண்ணைச் சொல்லும் செய்யுளில் வரும் 'அனந்தம்' என்பதனை முடிவிலி என்று பெயர்த்தவர், மூலம் கருதியதற்கு நேர்மாறானதை எழுதியவர் ஆவார்.

மேருவும் கடுகும்

முடிவின்மை முரண் கேரளத்தில் தோன்றியதன்று. கிரேக்கத்தில் கி.மு. 5ஆம் நூற்றாண்டினரான ஸீனோ, விரைந்தோடும் அக்கிலீஸ் முன்செல்லும் ஆமையை ஒருபோதும் எட்டமாட்டான் என வாதிட்டார். ஆமை இருந்த இடத்தை அவன் அடையும்போது அது சிறிதேனும் நகர்ந்திருக்கும். அவ்விடத்தை அடையும்போது மேலும் நகர்ந்திருக்கும் என்பது அவர் வாதம். இந்திய மரபில் நியாய வைசேடிகர் இதே சிக்கலை வேறு முகமாக எழுப்பினர். பொருள்களைப் பகுத்துக்கொண்டே செல்வதற்கு ஓரிடத்தில் முடிவு இல்லையெனில், மேரு மலைக்கும் கடுகுக்கும் உறுப்புகள் எண்ணிலவாகும்; எனவே இரண்டும் ஒத்த அளவினவாதல் வேண்டும். அது பொருந்தாமையால் பகுப்பு ஓரிடத்தில் நின்றே ஆகவேண்டும். அவ்விடமே பரமாணு என்றனர். கலிலியோ 1638இல், எண்களும் அவற்றின் வர்க்கங்களும் ஒன்றுக்கு ஒன்றாக இணையக் கண்டு வியந்ததும் இம்முரணின் உடன்பிறப்பே. டெடக்கிண்டு 1888இல், தன் பகுதியோடு தானே ஒத்திருக்கும் தொகுதி முடிவிலாத் தொகுதி என்று முரணையே வரையறையாக மாற்றினார். கேண்டரின் ஆலெஃப் அதன் பின் வந்தது.

வைசேடிகர் பரமாணுவுக்கு இட்ட அடைமொழி 'நிரவயவம்', அதாவது உறுப்பற்றது. இச்சொல்லையே நீலகண்டர் ஆரியபடீய உரையில் வேறொரு பொருளில் ஆள்கிறார். ஆரியபடர் 499இல், விட்டம் 20000 ஆயின் சுற்றளவு 62832 என்று கூறி, அதனை 'ஆசன்னம்' (அண்மையது) என்றார். உண்மை அளவை விடுத்து அண்மை அளவைச் சொல்வானேன் என்னும் வினாவை நீலகண்டர் எழுப்பி, உண்மை அளவைச் சொல்ல இயலாமையால் என்று விடை தருகிறார். ஓர் அலகால் அளக்கும்போது விட்டம் மீதியின்றி நிரவயவமாக அமைந்தால், அதே அலகால் சுற்றளவு மீதியோடு சாவயவமாகவே அமையும். சுற்றளவு மீதியின்றி அமைந்தால் விட்டத்தில் மீதி நிற்கும். அலகை எவ்வளவு நுணுக்கினும் மீதி சிறுக்குமேயன்றி இரண்டும் ஒருங்கே மீதியற்றவை ஆகா. இது அவர் கூற்றின் சாரம்.

இவ்விடத்தில் தருக்க நூலுக்கும் கணித நூலுக்கும் இடையே நேர்ந்த பொருள்மாற்றம் கருதத்தக்கது. தருக்கத்தில் நிரவயவம் என்பது பகுப்பு நிற்கும் இடம். கணிதத்தில் அது அளவை நிற்கும் இடம். உலகில் பரமாணு என்னும் கடைசி அலகு ஒன்று உண்மையாகவே இருந்தால், அதனைக் கொண்டு விட்டத்தையும் சுற்றளவையும் ஒருங்கே மீதியின்றி அளந்துவிடலாம். அத்தகைய அலகு கணிதத்தில் இல்லை என்பதே நீலகண்டரின் கூற்று. ஆறு தரிசனங்களிலும் வல்லவராகப் போற்றப்பட்ட அவர், தருக்கரின் சொல்லை அறியாமல் எடுத்தாண்டார் எனக் கொள்வதற்கில்லை.

தமிழ்க் கணக்கு மரபில் இதற்கு ஒரு மாறுகோள் உண்டு. முந்திரி 1/320, கீழ்முந்திரி அதன் முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய 1/102400. அதனினும் கீழே இம்மி முதலான பெயர்கள் தொடர்கின்றன. பெயரிடப்பட்ட சிற்றிலக்கங்களின் வரிசை எத்துணை நீண்டாலும் கடைசிப் பெயர் ஒன்று இருந்தே தீரும். நெல்லும் பொன்னும் அளப்பதற்கு அது போதும். வட்டத்தை அளப்பதற்குப் போதாது.

அவ்வளவே, அவ்வளவும்

நீலகண்டர் இம்முரணை மிகத் தெளிவாக எதிர்கொள்ளும் இடம், வில்லின் நீளத்தைக் கணிக்கையில் வரும் ஓர் எளிய தொடர். நாலில் ஒன்று, பதினாறில் ஒன்று, அறுபத்து நாலில் ஒன்று என ஒவ்வோர் உறுப்பும் முன்னதன் நாலில் ஒரு பங்காகத் தொடர்ந்துகொண்டே போனால், கூட்டுத்தொகை மூன்றில் ஒன்று என்கிறார். முதல் உறுப்பு 1/4. மூன்றில் ஒன்றுக்கு அது 1/12 குறைவு. இரண்டாவதைக் கூட்டினால் 5/16, குறைவு 1/48. மூன்றாவதைக் கூட்டினால் 21/64, குறைவு 1/192. ஒவ்வொரு நிலையிலும் குறைவு, கடைசியாகக் கூட்டிய உறுப்பின் மூன்றில் ஒரு பங்காகவே அமைகிறது. குறைவு சிறுத்துக்கொண்டே போகிறது. ஆனால் எந்த நிலையிலும் அற்றுப்போவதில்லை.

அற்றுப்போகாத குறைவை உடைய ஒன்றை 'மூன்றில் ஒன்று' என்று எவ்வாறு கூறுவது? இத்தொடர் அவ்வளவுக்கு மேல் வளராது என்பதும், அவ்வளவுக்கு வளர்கிறது என்பதும் எவ்வாறு அறியப்படும் என்று நீலகண்டர் இரண்டு வினாக்களாகப் பிரித்துக் கேட்கிறார். வடமொழியில் முதல் வினாவை 'ஏவ' என்னும் இடைச்சொல்லும் இரண்டாவதைச் 'ச' என்னும் இடைச்சொல்லும் வேறுபடுத்துகின்றன. இவ்வேறுபாட்டைக் காக்கத் தமிழில் இடைச்சொற்கள் ஆயத்தமாக உள்ளன. 'அவ்வளவே வளரும்' என்பதில் பிரிநிலை ஏகாரம் மிகுதியை விலக்குகிறது. 'அவ்வளவும் வளரும்' என்பதில் முற்றும்மை குறைவை விலக்குகிறது. இவ்விரண்டும் கூடினாலன்றி எல்லை என்னும் கருத்து நிறைவுறாது. மேலை நாட்டில் 1821இல் கோஷி தம் பாடநூலில் எல்லைக்குத் தந்த விளக்கமும், அதன்பின் வயர்ஷ்ட்ராஸ் அதனைச் செறிவாக்கியதும் இவ்விரு பக்கங்களையும் கட்டிக்காக்கவே முயன்றன. அதற்கு முன்னர், 1734இல் பேராயர் பார்க்லி, நுண்கணிதத்தார் ஓரளவை முதலில் உண்டென்று கொண்டு பின்னர் இல்லையென்று தள்ளுகின்றனர் என எள்ளி நகையாடியிருந்தார். அந்த எள்ளலுக்கு நீலகண்டரின் உரை இடம்தரவில்லை. அவர் குறைவை எந்த நிலையிலும் இல்லையென்று தள்ளவில்லை. குறைவு எவ்வளவு என்பதனை ஒவ்வொரு நிலையிலும் சொல்லிக்கொண்டே போகிறார்.

மொழிபெயர்ப்பாளர் 'இத்தொடரின் கூடுதல் மூன்றில் ஒன்று' என ஒரே வாக்கியத்தில் முடித்தால் செய்தி தவறாகாது. ஆனால் வினா மறைந்துவிடும். மூலத்தின் பெருமை விடையில் இருப்பதைக் காட்டிலும் அவ்வினாவிலேயே இருக்கிறது.

நிறுத்தும் இடமும் திருத்தமும்

மாதவருக்கு உரியதாகக் கூறப்படும் தொடர் இதனினும் கடினமானது. நான்கு மடங்கு விட்டத்தை ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றை எண்களால் வகுத்து, ஈவுகளை மாறி மாறிக் கூட்டியும் களைந்தும் சென்றால் சுற்றளவு கிடைக்கும். லைப்னிட்ஸ் 1670களில் இதனைக் கண்டறிந்தார். இத்தொடர் நடைமுறைக்கு உதவாத அளவுக்கு மெதுவானது. விட்டம் ஒன்று எனக் கொண்டால் பத்து உறுப்புகளின் பின் 3.0418 வரும்; பதினொன்றாவதைக் கூட்டினால் 3.2323க்குத் தாவும். நூறு உறுப்புகளின் பின்னும் 3.1316 என்னும் அளவிலேயே நிற்கும். எங்கு நிறுத்தினாலும் தவறு. நிறுத்தாமல் இருக்கவும் இயலாது.

கேரளத்தார் கண்ட வழி, நிறுத்திய இடத்தில் எஞ்சியதற்கு ஈடாக ஒரு 'சம்ஸ்காரம்', அதாவது திருத்தம் சேர்ப்பது. அதற்கு மூன்று வாய்பாடுகள் மேன்மேலும் நுட்பமாகத் தரப்படுகின்றன. மேற்கண்ட பத்து உறுப்புகளோடு மூன்றாவது திருத்தத்தைச் சேர்த்தால் 3.1415927 கிடைக்கிறது. யுக்திபாஷா இத்திருத்தத்தைப் பெறும் முறை அழகியது. அடுத்தடுத்த இரண்டு இடங்களில் நிறுத்தித் திருத்தினாலும் விடை ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்று தொடங்கி, அதனை முற்றிலும் நிறைவேற்றும் எளிய திருத்தம் கிட்டாமையைக் காட்டி, எஞ்சும் பிழையாகிய 'ஸ்தௌல்யம்' எத்துணைச் சிறியது என்பதை ஆராய்ந்து, அதனை மேலும் குறைக்கும் திருத்தத்தைத் தேடிச் செல்கிறது. இங்கும் முரண் மறைக்கப்படவில்லை. முடிவின்மை ஒரு பொருளாகக் கருதப்படாமல், எஞ்சியதன் கணக்காக மாற்றப்படுகிறது.

இந்நூல்களைப் பற்றி ஆங்கிலத்தில் முதன்முதல் விரிவாக எழுதியவர், மலபாரில் பணிபுரிந்த கும்பினி அலுவலர் சார்லஸ் விஷ். தந்திரசங்கிரகம், யுக்திபாஷா, கரணபத்ததி, சத்ரத்னமாலா ஆகிய நான்கையும் சுட்டிய அவரது கட்டுரை அவர் 1833இல் மறைந்த பின்னர் அச்சேறியது. ஆயினும் நூறாண்டுக்கு மேல் கவனிப்பாரற்றுக் கிடந்தது. பின்னர் இதனைக் கையிலெடுத்தவர்களுள் தமிழ்நாட்டுக் கணித அறிஞர் சி. தி. இராஜகோபால் முதன்மையானவர். அவர் முகுந்த மாராருடன் 1944இல் வெளியிட்ட கட்டுரையே யுக்திபாஷாவின் நிறுவல்களைக் கணித உலகின்முன் வைத்தது. சென்னை இராமானுஜன் கணித நிறுவனத்தின் இயக்குநரான பின்னும், 1978இல் மறையும் வரை, இத்துறையை அவர் விடவில்லை. கே. வி. சர்மா செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு அவர் மறைந்து மூன்றாண்டுகள் கழித்து, 2008இல் விரிவான விளக்கங்களுடன் வெளிவந்தது. மத்தேயோ ரிச்சி 1580இல் கொச்சியில் குருப்பட்டம் பெற்றதை முன்னிட்டு, இக்கணிதம் இயேசு சபையார் வழியே ஐரோப்பா சென்றிருக்கலாம் என்று சிலர் கருதுவர். அதற்கு ஆவணச் சான்று காட்டப்படாதவரை அது ஊகமே.

மலையாளத்திலிருந்து தமிழுக்கு

வடமொழி நூல்கள் முடிவுகளைச் செய்யுளில் தர, நிறுவல்களை மலையாள உரைநடையில் விரித்தது யுக்திபாஷாவின் தனிச்சிறப்பு. அதன் கலைச்சொற்கள் வடமொழியின. சங்கலிதம், கண்டம், பரிதி, வியாசம் என வருவன. ஆனால் கூட்டுதல், களைதல் போன்ற வினைகள் திராவிட வேரின. தமிழர்க்கு இது பாதி விளங்கிய நூல் போலத் தோன்றும். இடர் அத்தோற்றத்திலேயே உள்ளது.

'ஒடுங்குக' என்னும் மலையாள வினை முடிதல், தீர்தல், இறத்தல் என்னும் பொருளினது. தமிழில் 'ஒடுங்குதல்' முதன்மையாகச் சுருங்குதலையும் குறைதலையும் குறிக்கும். கணக்கு தீராது என்னும் கருத்தில் மலையாளத்தார் 'ஒடுங்ஙுகயில்ல' என்பார். அதனை ஒலியொப்புமை கண்டு 'ஒடுங்காது' எனத் தமிழில் எழுதினால், 'எச்சம் சுருங்காது' என்று பொருள்படும். கணிதம் தலைகீழாகும். நீலகண்டரின் தொடரில் எச்சம் தமிழ்ப் பொருளில் ஒடுங்குகிறது. மலையாளப் பொருளில் ஒடுங்குவதில்லை. உறவு மொழிகளின் இவ்வொரு வினையே முரணின் இரு பக்கங்களையும் பங்கிட்டுக்கொண்டுள்ளது என்பது மொழியியலார் மனம்கொள்ள வேண்டியது.

இன்றைய பாடநூல் தமிழும் தன் பங்குக்கு ஒரு முரணைச் சேர்த்துள்ளது. 'முடிவு' என்னும் சொல் இறுதியையும் குறிக்கும், பெறப்பட்ட விளைவையும் குறிக்கும். 'முடிவிலித் தொடரின் முடிவு யாது' என்னும் வினா இலக்கணப் பிழையற்றது. ஆயினும் மாணாக்கரை மருளச் செய்வது. ஆங்கிலத்தில் இவ்விரு கருத்துகளுக்கும் வேறு வேறு சொற்கள் இருத்தலால் இம்மயக்கம் அங்கு எழுவதில்லை. எனவே இது கணிதத்தின் முரணன்று, சொல்லின் முரண். இரண்டையும் பிரித்தறிவது மொழிபெயர்ப்பாளரின் கடமை. விளைவைச் சுட்ட 'தொகை' என்பதனையும், இறுதியின்மையைச் சுட்ட 'ஈறிலாத் தொடர்' என்பதனையும் ஆண்டால் இம்மயக்கம் பெரிதும் நீங்கும். 'எல்லை' என்னும் சொல்லும் எச்சரிக்கையோடு ஆளத்தக்கது. வயலின் எல்லையை உழவர் மிதிக்கலாம். இத்தொடரின் எல்லையை எந்த உறுப்பிலும் நின்று மிதிக்க இயலாது. கோஷிக்கு முந்நூறு ஆண்டு முற்பட்ட நூலில் அச்சொல்லைப் பெய்வது, ஆசிரியர் சொல்லாத கோட்பாடு ஒன்றை அவர்மேல் ஏற்றுவதுமாகும்.

மாறாக, எஞ்சியதைக் குறிக்கத் தமிழில் உள்ள 'எச்சம்' பொருத்தமானது. இலக்கணத்தில் அது தன்னளவில் முற்றுப்பெறாமல் மேல்வரும் சொல்லை அவாவி நிற்கும் வினை. திருத்தம் சேரும் வரை நிறைவுறாத கூட்டலுக்கு அப்பெயர் இயல்பாகவே அமையும். 'ஆசன்னம்' என்பதற்குத் 'தோராயம்' என எழுதுவது வழக்கமெனினும், தோராயத்தில் கவனக்குறைவின் சாயல் உண்டு. நீலகண்டர் கூறும் அண்மையோ அளந்து அறியப்பட்ட அண்மை. 'அண்ணியது' என்னும் பழஞ்சொல் இவ்விடத்திற்கு ஏற்கும். நிரவயவம், சாவயவம் என்பவற்றை 'மீதியற்றது', 'மீதியுற்றது' எனப் பெயர்க்கலாம். ஆனால் அவை தருக்க நூலின் சொற்களும் ஆதலால், முதல் வருகையில் மூலச்சொல்லையே நிறுத்தி, அடிக்குறிப்பில் பரமாணு வாதத்தைச் சுட்டுதல் வேண்டும். இல்லையெனில் மேருவையும் கடுகையும் ஒப்பிட்ட தருக்கருக்கு அவ்வுரையில் நீலகண்டர் கூறிய மறுமொழி தமிழ் வாசகருக்குக் கேளாமலே போய்விடும்.